டெக்குக்கு அடியில் ஸ்கங்க்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் கோடையிலேயே டெக்குக்கு, அதாவது வீட்டை ஒட்டிய மரத் தளத்துக்கு, அடியில் ஓர் ஓட்டையைப் பார்த்தேன். இரண்டு செங்கற்களை வைத்து அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். அது ஜூன் மாதம். உள்ளே குடியிருந்தது ஸ்கங்க், மிரண்டால் வாலடியிலிருந்து நாறும் திரவத்தைத் தெளிக்கும் விலங்கு. தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. விடியும்வரை மரச்சட்டத்தைப் பிறாண்டும் சத்தம்; பிறகு அந்த நெடி. அடித்தள அறையின் ஜன்னல் திறந்திருந்ததால் சோபா, திரைச்சீலை, பெட்டியில் கிடந்த குளிர்கால ஜாக்கெட்டுகள் எல்லாம் மாதக்கணக்கில் நாறின.

அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் உறவினர் வீடுகளிலும் பல டெக்குகளுக்கு வலை அடித்துக் கொடுத்திருக்கிறேன். போகும் இடமெல்லாம் அதே செங்கல் எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓட்டையை அடைப்பது இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய. சிலவற்றுக்குக் காலண்டரைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டும்.

இங்கே எழுதியிருப்பது ரொறன்ரோவுக்கும் தெற்கு ஒன்ராறியோவுக்கும் பொருந்தும். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் மாதக் கணக்கையும் சட்டத்தையும் தங்கள் ஊரோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

1. வந்திருப்பது ஸ்கங்க்தானா என்று பாருங்கள்

இங்கே நாம் காண்பது வரி ஸ்கங்க். பூனை அளவு, கரிய உடல், நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கோடு, பிடரியிலிருந்து முதுகில் இரண்டாகப் பிரிந்து போகும் வெள்ளைப் பட்டை, புசுபுசுவென்ற வால். நடை மட்டும் பூனை நடை இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஆடி ஆடி வரும். ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை அதைப் பூனை என்று நினைத்து இரண்டு நாள் தட்டில் பால் வைத்தார். மூன்றாம் நாள் தட்டை எடுக்கப் போனபோதுதான் வாலைப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்றதால் தப்பினார்.

பெரும்பாலும் விலங்கு கண்ணில் படாது, தடயம்தான் கிடைக்கும். புல்தரையில் சிறுசிறு கூம்புக் குழிகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு அங்குல அகலம் என்றால் ஸ்கங்க். புல் பாய்போலச் சுருட்டிப் புரட்டப்பட்டிருந்தால் அது ரக்கூன். டெக்குக்கு அடியில் நான்கு முதல் ஆறு அங்குல அகலத்தில் வாய் இருந்தால் ஸ்கங்க்காக இருக்கலாம். ஓரடி அகலமும் வாசலில் பெரிய மண்மேடும் இருந்தால் அது கிரவுண்ட்ஹாக் என்னும், வளை தோண்டும் பெரிய அணில் இனத்தின் வேலை. அதற்கு வேறு வழி, வேறு காலண்டர்.

குழப்பம் தீராவிட்டால் ஓட்டையின் வாசலில் கோதுமை மாவைத் தூவி வையுங்கள். ஸ்கங்க்கின் பாதத்தில் ஐந்து விரல் பதியும். முன்னங்காலில் நீண்ட நகத்தின் தடமும் விரலுக்குச் சற்று முன்னால் தெரியும். பூனைக்கு நான்கு விரல், நகத் தடம் கிடையாது. அத்தைக்கு இதைக் காட்டியபிறகுதான் பால் நின்றது.

நெடி வந்தாலே வீட்டுக்கு அடியில் ஸ்கங்க் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். தெருவில் கார் அடித்துப்போட்டதும் காற்றோடு வரும். பல நாள் தொடர்ந்து, ஒரே மூலையில் லேசான வீச்சம் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. காலண்டரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

இனச்சேர்க்கை பிப்ரவரி, மார்ச்சில். பனி முழுதாகக் கரையுமுன்பே ஊரெல்லாம் நெடி வீசுவதற்குக் காரணம் இதுதான். பிடிக்காத ஆணைப் பெண் தெளித்து விரட்டும். குட்டி போடுவது மே மாதத்தில், அல்லது ஜூன் தொடக்கத்தில். ஓர் ஈற்றில் நான்கிலிருந்து ஆறு குட்டிகள் சாதாரணம். ஏறத்தாழ இரண்டு மாதம் அவை வளையை விட்டுத் தாமாக வெளியே வராது. ஜூலைக் கடைசியில் தாயின் பின்னால் வரிசைகட்டி நடக்கும். இலையுதிர் காலத்தில் பிரிந்துபோகும்.

ஆகவே மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை ஓட்டையைத் தொட வேண்டாம். தாயை வெளியே வைத்துப் பூட்டினால் குட்டிகள் உள்ளே செத்து நாறும், அல்லது தாய் டெக்கையே பெயர்க்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரையும் வேண்டாம். ஸ்கங்க் முழு உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் விலங்கல்ல. ஆனால் கடும் குளிரில் பல நாள் வெளியே வராமல் சுருண்டு கிடக்கும், சில சமயம் ஒரே வளையில் பல பெண்கள். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து அடைத்தால் மார்ச்சில் தெரியும் சேதி.

வேலைக்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர்வரை. தவறவிட்டால் மார்ச் இறுதியும் ஏப்ரலும், மண் இளகியபின். ஜூனில் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் என்ன செய்வது? மூன்றாம் படியை இப்போதே செய்துவிட்டு, மற்றவற்றுக்கு ஆகஸ்ட்வரை காத்திருப்பதுதான். இரண்டு மாதம் வாடகை இல்லாத குடித்தனம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

3. சாப்பாட்டை நிறுத்துங்கள்

வளை கிடைத்தாலும் உணவு இல்லாத இடத்தில் ஸ்கங்க் நிலைக்காது. உணவை விட்டுவைத்துக்கொண்டு வளையை மட்டும் அடைத்தால் பக்கத்தில், கொட்டிலுக்கு அடியில், புதிதாகத் தோண்டும்.

நம் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு மீன். கொல்லைப்புறத்துக் குழாயடியில் மீன் வெட்டி, கழுவிய தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றுகிறோம். செதிலையும் தலையையும் மிளகாய்க் கன்றின் அடியில் புதைக்கிறோம். செடிக்கு நல்லதுதான். ஆனால் கண்பார்வை மங்கலான அந்த விலங்கின் மூக்கு மகா கூர்மை. புதைத்ததை இரவே தோண்டி எடுத்துவிடும். மீன் கழிவு, நகராட்சி உணவுக் கழிவுக்குத் தரும் பச்சை வாளிக்குத்தான் போக வேண்டும், அதுவும் மூடியின் பூட்டைத் திருப்பி. வாளியை முதல் நாள் மாலையே தெருவில் வைக்காமல் காலை 7 மணிக்குமுன் வைத்தால் இரவுப் பந்தி நடக்காது.

பறவைத் தீனி சிந்திய இடம், விழுந்த பேரிக்காய், வெளியே வைத்த பூனை உணவு, பார்பிக்யூவின் கொழுப்புத் தட்டு: இவை எல்லாம் பொழுது சாயுமுன் சுத்தமாக வேண்டும்.

4. புல்தரையின் புழுவைப் பாருங்கள்

குழி தோண்டுவது புல்லின்மீதுள்ள கோபத்தால் அல்ல. புல்லின் வேரடியில் வண்டுகளின் வெள்ளைப் புழு இருக்கிறது. அதைத் தின்ன வருகிறது. யாராவது குழி தோண்டுகிறார்கள் என்றால் புல்தரைக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று பொருள்.

ஓரடிக்கு ஓரடி சதுரமாகப் புல்லை மண்வெட்டியால் மூன்று பக்கம் வெட்டி மடித்துப் பாருங்கள். வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக வளையல் துண்டுபோல் வளைந்து கிடக்கும் புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மடித்து மூடித் தண்ணீர் விடுங்கள், போதும். ஐந்து முதல் பத்துக்கு மேல் போனால் வைத்தியம் தேவை.

அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு இரசாயனப் பூச்சிமருந்து அடிப்பதற்கு ஒன்ராறியோவில் 2009 முதல் தடை இருக்கிறது. அதனால் கடையில் கேட்க வேண்டியது நெமடோட்: கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள், குளிர்பெட்டியில் வைத்து விற்பார்கள். புழு சிறிதாக இருக்கும் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இட வேண்டும்.

இதில் தவறு நடப்பது மூன்று இடத்தில். நடுப்பகலில் இடுவது முதல் தவறு. வெயிலில் நெமடோட் செத்துப்போகும், ஆகவே மாலையில்தான் இட வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றுவது அடுத்தது. அவை ஈரத்தில்தான் நகரும், ஆகவே முன்னும் பின்னும் தரையை நன்றாக நனைக்க வேண்டும். மூன்றாவது, பெட்டியை வாங்கிக் காரில் வைத்துவிட்டு மறப்பது. என் மைத்துனர் சனிக்கிழமை வாங்கியதைச் செவ்வாய்க்கிழமை இட்டார். காசு வெந்து போனதுதான் மிச்சம்.

5. பொருள்களைச் சேர்த்து, தோண்ட அனுமதி கேளுங்கள்

முக்கியமான பொருள் கம்பி வலை. துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பியில், அரை அங்குலக் கண் உள்ள வலை. 36 அங்குல அகலச் சுருளாக வாங்குங்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோண வலை மலிவு, ஆனால் மண்ணுக்குள் இரண்டு மூன்று வருடத்தில் துருப்பிடித்து உதிரும். 12 அடிக்கு 16 அடி டெக், 16 அடிப் பக்கம் வீட்டுச் சுவரோடு ஒட்டியது என்றால் மீதி மூன்று பக்கமும் சேர்ந்து 40 அடி. மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று மேவ வேண்டும் என்பதால் 50 அடிச் சுருள் வாங்குங்கள்.

மற்றவை: கம்பி வெட்டும் கத்தரி, தடித்த கையுறை, அகன்ற வாஷர் போட்ட மரத் திருகாணிகள், மண்வெட்டி, கோதுமை மாவு, பழைய செய்தித்தாள். 11-ஆம் படியில் சொல்லும் கழுவு கலவைக்கான மூன்று பொருள்களையும் இப்போதே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். தேவைப்படுவது நள்ளிரவில், அப்போது கடை திறந்திருக்காது.

மண்ணில் கடப்பாறை படுமுன் ஒன்ராறியோ வன் கால் சேவைக்குச் சொல்ல வேண்டும். இது இலவசம், சட்டப்படி கட்டாயம். எரிவாயு, மின்சாரம், தொலைபேசி இணைப்புகள் எங்கே ஓடுகின்றன என்று வந்து வண்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள். ஓரடி ஆழம்தானே என்று அலட்சியம் வேண்டாம். இணையக் கம்பி சில வீடுகளில் அரை அடியிலேயே கிடக்கிறது. ஆள் வர ஒரு வாரமாவது பிடிக்கும். ஆகவே நாள் குறிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

6. உள்ளே ஆள் இருக்கிறதா என்று சோதியுங்கள்

பகலில் டெக்கைச் சுற்றி நடந்து எல்லா ஓட்டைகளையும் எண்ணுங்கள். படிக்கட்டுக்குக் கீழே, வீட்டுச் சுவரும் டெக்கும் சேரும் மூலையில், ஏசி இயந்திரத்தின் பின்னால் கட்டாயம் பாருங்கள்.

ஒவ்வொரு வாயிலும் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகத் திணியுங்கள். தமிழ்க் கடை வாசலில் இலவசமாக எடுக்கும் வாரப் பத்திரிகை இதற்குச் சரியான கனம். இறுக்கி அடைக்கக் கூடாது. விலங்கு தள்ளினால் விழ வேண்டும், காற்றடித்தால் விழக் கூடாது. மிதமான வானிலையில் மூன்று இரவு தொடர்ந்து தாள் அசையாமல் இருந்தால் வளை காலி. அப்போது நேரே வலையடித்து முழுவதும் மூடிவிடலாம். ஒரு வாயில் மட்டும் தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் அதுதான் தலைவாசல்.

மழையும் கடுங்குளிரும் உள்ள இரவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்று அது வெளியே வரவே வராது. தாள் அசையாததை வைத்து நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

7. வலையை முதலில் அடியுங்கள், தலைவாசலை விட்டு

இதுதான் முதுகு வலிக்கும் படி. ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

டெக்கின் ஓரத்தை ஒட்டி ஓரடி ஆழத்துக்கும் ஓரடி அகலத்துக்கும் வாய்க்கால்போல் தோண்டுங்கள். 36 அங்குல வலையை மூன்றாகப் பங்கிட்டால் கணக்கு நேராக வரும்: 12 அங்குலம் டெக்கின் மரச்சட்டத்தில் ஏறும், 12 அங்குலம் மண்ணுக்குள் நேரே இறங்கும், மிச்சம் 12 அங்குலம் வெளிப்பக்கமாக மடிந்து குழியின் அடியில் படுக்கும். சட்டத்தில் ஓரடிக்கு இரண்டு திருகாணி அடியுங்கள், ஆணி கழன்றுவிடும்.

மடிப்பு ஏன் வெளிப்பக்கம்? ஸ்கங்க் தடையைக் கண்டால் அதன் அடியை ஒட்டித்தான் தோண்டும். தோண்டத் தோண்டப் படுக்கைவாட்டு வலை நகத்தில் படும். ஓரடி பின்னால் போய்த் தோண்டினால் தப்பலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. மடிப்பை உட்பக்கமாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை பார்க்க அழகாகத்தான் இருக்கும். செங்குத்து வலையின் கீழே நுழைந்து அது உள்ளே போய்விடும். கூலிக்கு ஆள் வைத்தவர்கள் குழி மூடுமுன் ஒருமுறை நேரில் குனிந்து பாருங்கள். மூடியபின் யாருக்கும் தெரியாது.

மூலைகளில் இரண்டு துண்டும் குறைந்தது ஆறு அங்குலம் மேவ வேண்டும். சேரும் இடத்தைக் கம்பியால் தைத்துவிடுங்கள். சுவரை ஒட்டிய முனையில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். அங்கே ஒரு கையளவு இடைவெளி இருந்தாலும் வேலை வீண்.

வேலையைப் பகலில், பேசிக்கொண்டே செய்யுங்கள். குரல் கேட்டால் உள்ளே இருப்பது திடுக்கிடாது. தலைவாசல் உள்ள ஓரடி நீளத்தை மட்டும் அடைக்காமல் விடுங்கள்.

8. தானாகப் போக வையுங்கள்

வலையடித்த அன்றைக்கே கதவு மாட்டலாம். ஆனால் முதலில் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் தொந்தரவு கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். வாசலுக்கு அருகில் பேச்சு ஓடும் வானொலி, உள்ளே அடிக்கும் ஒரு விளக்கு, அவ்வளவுதான். இருட்டும் அமைதியும் உள்ள இடத்தைத் தேடி வந்த விலங்குக்கு இரண்டும் பிடிக்காது. வானொலியில் செய்தியை வையுங்கள். பாட்டைவிட மனிதப் பேச்சுக்குத்தான் அது அஞ்சுகிறது. ஒரு வீட்டில் இருபத்துநான்கு மணி நேரத் தமிழ் வானொலிக்கு இரண்டே நாளில் குடிபெயர்ந்தது. நிகழ்ச்சியின் தரத்தை நான் குறை சொல்லவில்லை.

செய்யக் கூடாதவை இரண்டு. அந்துருண்டையைக் கைப்பிடி கைப்பிடியாக எறிவது. அது நஞ்சு, அதன் ஆவி தரையிடுக்கு வழியாக வீட்டுக்குள் ஏறும். மிளகாய்த் தூளைத் தூவுவது. ஒரு மழைக்குக் கரைந்துபோகும், அதற்குள் உங்கள் வீட்டுக் குழந்தையின் கையும் நாயின் மூக்கும்தான் எரியும்.

பிறகு ஒருவழிக் கதவு. கடையில் வாங்கலாம், மிஞ்சிய வலையிலும் செய்யலாம். வாசலைவிட எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் பெரிய துண்டை வெட்டி, மேல் விளிம்பை மட்டும் கம்பி வளையங்களால் சட்டத்தில் தொங்கவிடுங்கள். கீழ் விளிம்பு வெளிப்பக்கத் தரையில் சற்றுச் சாய்ந்து தொட வேண்டும். வெட்டிய கம்பி முனைகளை மடித்துவிடுங்கள், விலங்கின் முகத்தைக் கிழிக்கும். உள்ளிருந்து துடைப்பக்கட்டையால் தள்ளினால் எளிதாக எழ வேண்டும், விட்டால் தானே விழுந்து மூட வேண்டும். வெளியிலிருந்து தள்ளினால் சட்டத்தில் முட்டி நிற்க வேண்டும். இந்த மூன்றையும் பார்க்காமல் போகாதீர்கள். கதவு விழாமல் ஒரு குச்சியில் மாட்டி நின்றதால் ஒரு வாரம் முழுக்கப் போக வர இருந்த ஸ்கங்க்கை எனக்குத் தெரியும்.

வாசலின் இருபுறமும் மாவு தூவுங்கள். வெளியே போன தடம் தெரிந்தபின்னும் ஒரு வாரம் கதவை அப்படியே விடுங்கள், உள்ளே இரண்டாவது ஒன்று இருக்கலாம். பிறகு உட்புறம் செய்தித்தாள் வைத்து மறுபடி மூன்று இரவு. தாள் அசையவில்லை என்றால் கதவைக் கழற்றி, விட்டுவைத்த ஓரடிக்கும் வலையை இறக்கி மூடுங்கள். செங்கல்லை வைக்க ஆசை தீராதவர்கள் இப்போது வைக்கலாம்.

9. கூண்டு வைத்துப் பிடிப்பதைப் பற்றி

வேண்டாம் என்பதே என் கருத்து. ஒன்ராறியோ வனவிலங்குச் சட்டப்படி பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட வேண்டும். ரூஜ் ஆற்றுக் காட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்ப முடியாது; நோய் பரவுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஒரு கிலோமீட்டர் என்பது ஸ்கங்க்குக்கு ஓர் இரவு நடை. காரின் பின்னிருக்கையில் கூண்டோடு ஒரு ஸ்கங்க் என்பதையும் யோசித்துப் பாருங்கள். விஷம் வைப்பது குற்றம், அதில் பேச ஒன்றுமில்லை.

10. ஜன்னல் குழியில் விழுந்தால், கராஜுக்குள் புகுந்தால்

அடித்தள ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழியில் ஸ்கங்க் அடிக்கடி விழும். அதற்கு ஏறத் தெரியாது. சொரசொரப்பான, நீளமான பலகையை மெதுவாகச் சாய்வாக இறக்குங்கள். வழுக்கினால் பழைய துண்டை அதன்மேல் ஆணியடித்து விடுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் பயன் இல்லை, சாய்வு படிக்கட்டைவிடக் கூடாமல் இருக்க வேண்டும். பிறகு எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். இரவில் ஏறிப் போய்விடும். மறுநாளே அந்தக் குழிக்கு மூடி வாங்குங்கள்.

கராஜுக்குள் புகுந்தால் அந்தி நேரத்தில் கதவை முழுவதும் திறந்து, வாசலில் மாவைக் கோடாகத் தூவி, விளக்கை அணைத்துவிட்டு விலகுங்கள். வெளிநோக்கிய தடம் தெரிந்ததும் கதவை மூடலாம்.

நேருக்கு நேர் வந்துவிட்டால்? அது உடனே தெளிக்காது. ஒருமுறை தீர்ந்தால் பை நிறையப் பத்து நாள் போல ஆகும் என்பதால் சிக்கனமாகவே இருக்கும். முதலில் முன்கால்களைத் தரையில் தட்டும். எங்கள் பக்கத்து வீட்டு வாண்டு அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டினான். அடுத்துச் சீறும், வால் கொடிக்கம்பம்போல் எழும். உடலை வளைத்து முகமும் பின்புறமும் ஒருசேர உங்களைப் பார்த்தால் இனி நேரமில்லை. தட்டும்போதே சத்தமில்லாமல் பின்னோக்கி நடங்கள். பத்தடிக்குள் அதன் குறி பெரும்பாலும் தப்பாது.

11. தெளித்துவிட்டால்

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நாய். முதல் தவறு, அதை வீட்டுக்குள் விடுவது. அடுத்தது, குழாயைத் திறந்து தண்ணீரடிப்பது. மூன்றாவது தக்காளிச் சாறு. அது மூக்கை ஏமாற்றுமே தவிர நெடியை எடுக்காது. ஒரே நாற்றத்தில் வெகுநேரம் இருந்த மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். அப்போது தக்காளி வாசம் மட்டும் தெரியும். வெளியிலிருந்து வருபவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நெடிக்குக் காரணம் தயால் என்னும் கந்தகச் சேர்மங்கள். எண்ணெய்போல் ஒட்டுவதால் தண்ணீருக்கு அசையாது. உயிர்வளி ஏற்றி அவற்றை வேறு பொருளாக மாற்ற வேண்டும். பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலர் 1993-ல் வெளியிட்ட கலவைதான் இன்றுவரை எல்லோரும் செய்வது:

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், அப்பச்சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒன்றிரண்டு தேக்கரண்டி.

திறந்த வாளியில், அந்த நேரத்தில் கலந்து, நுரைக்கும்போதே பயன்படுத்துங்கள். மீந்ததைப் போத்தலில் அடைத்து வைக்கவே கூடாது. வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். கையுறை போட்டு, நாயின் உலர்ந்த உரோமத்தில் தோல்வரை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. முகத்தை நனைத்த துணியால் துடையுங்கள். கறுப்பு நாயானால் உரோமம் கொஞ்சம் செம்பட்டையாகலாம். கண்ணில் ஸ்கங்க் தெளித்திருந்தால் வெறும் தண்ணீரால் நிறையக் கழுவி, சிவப்பு குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

துணியை இதில் ஊறவைத்தால் சாயம் போகும். வழக்கமான சோப்புத் தூளோடு அரைக் கப் அப்பச்சோடா போட்டுத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் நெடி இயந்திரத்துக்குக் குடிபோகும்.

ஒரு வாரம் கழித்து மழையில் நனைந்து வந்த நாய் மறுபடி நாறினால் பதற வேண்டாம். தெளிப்பில் தயாலைத் தவிர, தானாக அதிகம் நாறாத அசிட்டேட் சேர்மங்களும் உண்டு. அவை நீர் பட்டால் மெல்ல உடைந்து தயாலாக மாறும். அதே கலவையைப் புதிதாகக் கலந்து மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

12. கடித்தால், அல்லது நடை சரியில்லை என்றால்

பகலில் ஸ்கங்க்கைப் பார்த்ததுமே ரேபிஸ் என்று கத்த வேண்டாம்; குட்டிக்குப் பாலூட்டும் தாய் பகலிலும் இரை தேடும். வட்டமடிப்பது, தள்ளாடுவது, பின்கால் இழுபடுவது, பயமில்லாமல் ஆளை நோக்கி வருவது: இவைதான் கவலைக்குரியவை. ரேபிஸாக இருக்கலாம், டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயாகவும் இருக்கலாம். பார்த்துப் பிரித்தறிய முடியாது. குழந்தைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, ரொறன்ரோவில் நகராட்சியின் 311-க்கு அழையுங்கள். ஹமில்டனில் 2015 டிசம்பரில் ரக்கூன்களிடையே ரேபிஸ் தலைகாட்டியபின் அப்பகுதி ஸ்கங்க்குகளிலும் அது கண்டறியப்பட்டது. ஆகவே இது வெறும் ஏட்டுப் பயம் இல்லை.

கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காயம் சிறிது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அறிகுறி தோன்றியபின் ரேபிஸுக்கு வைத்தியம் இல்லை. உங்கள் நாயை ஸ்கங்க் கடித்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவர் மறுபடி ஓர் ஊசி போடச் சொல்வார். மூன்று மாதம் தாண்டிய நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி ஒன்ராறியோவில் கட்டாயம். ஊசிச் சீட்டு எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி, பெராக்சைடு போத்தலின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.